பூங்காவனம் கண் வைத்த கொல்லைகள்

ஆடியில் வர வேண்டிய மழை ஐப்பசியில் வந்து, ஐப்பசியில் வர வேண்டியது வராமலே போய், பங்குனி வெயில் புரட்டாசியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றிருந்த காலத்தில், வேர்க்கடலையை மல்லாட்டை என்றும் புன்செயைக் கொல்லை என்றும் சொல்கிற கல்லேரிப்பாடியில், கொல்லைகளில் மல்லாட்டைச் செடி மட்டும் நின்றது. செடி பூத்தது, பூவிலிருந்து விழுது இறங்கியது, இறங்கிய விழுது மண்ணைத் தொட்டதும் சூடு தாங்காமல் சுருண்டது. தப்பித்து மண்ணுக்குள் போனவையும் ஓடு கட்டினவே தவிர உள்ளே பருப்பு வைக்கவில்லை. பிடுங்கி உடைத்தால் உள்ளே காற்று. எல்லாம் பொக்கு. இந்த வருஷம் போனால் அடுத்த வருஷம் சரியாகும் என்றார்கள். அடுத்த வருஷமும் பொக்கு, அதற்கடுத்ததும் பொக்கு.

பருப்பு இல்லாததால் குப்புராஜின் எண்ணெய் மில் ஓடவில்லை. மற்ற ஊர் மில்களும் அப்படித்தான் கிடந்தன. கப்பலில் வருகிற பாமாயிலுக்கும் அது விளைகிற நாட்டில் வானம் சரியில்லையாம். எண்ணெய் விலை ஏறிய இடத்திலிருந்து இறங்கவே இல்லை. தலைமுறை தலைமுறையாக மல்லாட்டை விளைவித்த ஊர், கடை வாசலில் நின்று கரண்டிக் கணக்கில் எண்ணெய் வாங்கியது. முன்பெல்லாம் வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தொட்டுத் தோசைக்கல்லில் தேய்ப்பார்கள். இப்போது வெங்காயத்தை மட்டும் தேய்த்தார்கள். தெருவில் கடுகு வெடிக்கிற சத்தம் நின்றுபோனது. பஸ் நிறுத்தத்தில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த பலராமன் சுண்டல் அவிக்க ஆரம்பித்தான். தீபாவளிக்கு ஊரிலேயே ஒரே ஒரு வீட்டில் முறுக்கு சுட்டார்கள், கதவைச் சாத்தி, ஜன்னலில் ஈரத்துணி கட்டி. அப்படியும் வாசனை தெருவுக்கு வந்துவிட்டது. பொங்கல் வரைக்கும் அந்த வீட்டோடு யாரும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த ஜன்னலுக்கு வெளியே ஈரத்துணி காய்கிற வரைக்கும் நின்றவள் பூங்காவனம்.

பூங்காவனத்துக்குப் பொறாமை என்பது மற்றவர்களுக்கு வருவது போல வந்து போகிற சமாச்சாரம் இல்லை. பசி, தாகம் போல அது அவள் உடம்போடு இருந்தது. அடுத்தவள் கழுத்துச் சங்கிலியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் ஊரில் நிறைய உண்டு. பூங்காவனமோ, அந்தச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு அவள் மறந்துபோய்த் தலை வாருகிறாளே, அந்த மறதியைப் பார்த்துப் பொறாமைப்படுவாள். படுத்ததும் தூங்குகிறவர்கள் மேல் பொறாமை, கூப்பிட்டதும் ஓடி வருகிற பிள்ளை பெற்றவர்கள் மேல் பொறாமை, செத்த வீட்டில் வாய்விட்டு அழத் தெரிந்தவர்கள் மேலும் பொறாமை. அவள் தெருவில் வந்தால் கைக்குழந்தையை முந்தானைக்குள் இழுப்பார்கள், கறவை மாட்டைத் திருப்பிக் கட்டுவார்கள். அதெல்லாம் அவளுக்குத் தெரியும். மறைக்கிற அளவுக்கு அவர்களிடம் ஏதோ இருக்கிறதே என்று அதற்கும் வயிறு எரியும்.

எல்லாருக்கும் மேலாக அவளுக்கு வயிறு எரிந்தது ஓரகத்தி சம்பூரணத்தைப் பார்த்துத்தான். ஒரே பந்தலில், ஒரே முகூர்த்தத்தில், அண்ணன் தசரதன் பூங்காவனத்துக்கும் தம்பி விநாயகம் சம்பூரணத்துக்கும் தாலி கட்டினார்கள். பாகம் பிரித்தபோது நிலத்துக்கு நடுவே ஒரு வரப்பு விழுந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் விநாயகம் வாயாடி. உழும்போதும் பேசுவான், களை எடுக்கும்போதும் பேசுவான், சம்பூரணம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். இந்தப் பக்கம் தசரதன் கெட்டவன் இல்லை, குடிக்க மாட்டான், கை ஓங்க மாட்டான். ஆனால் பேச மாட்டான். வாய்க்குள் இருப்பதையெல்லாம் வெற்றிலையோடு சேர்த்து மென்று துப்பிவிடுகிறவன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் சிரித்து அவள் பார்த்ததில்லை.

அந்த வருஷம் செடி பிடுங்குகிற பருவத்தில் ஒரு மத்தியானம், பூங்காவனம் வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் சம்பூரணமும் விநாயகமும் ஒரே தூக்குச்சட்டியில் கை விட்டுக் கூழ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். விநாயகம் என்னவோ சொல்ல, சம்பூரணத்துக்குச் சிரிப்பில் புரையேற, அவன் அவள் உச்சியில் தட்டி, தன் துண்டாலேயே அவள் கழுத்து வியர்வையைத் துடைத்துவிட்டான். அவர்களுடைய கொல்லையும் பொக்குதான். நேற்றுத்தான் பிடுங்கிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பொக்கு விளைந்த கொல்லையில் உட்கார்ந்துகொண்டு ஒருத்திக்கு எப்படிச் சிரிப்பு வருகிறது என்று நினைத்தபோது பூங்காவனத்துக்கு அடிவயிற்றில் மூண்டது நெஞ்சுக்கு ஏறி, கண் வழியாக வெளியே போனது. போனதை அவளே உணர்ந்தாள், கண் இரண்டும் தண்ணீர் தெளித்து அணைத்த அடுப்பு மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் காலையில் சம்பூரணம் மாட்டுக்குப் போடலாம் என்று ஒரு செடியைப் பிடுங்கினாள். வரவில்லை. இரண்டு கையால் இழுத்தாள். மண் வெடித்துக்கொண்டு கொத்தாகக் காய் வந்தது. ஒவ்வொரு காயிலும் மூன்று பருப்பு, பிறந்த குழந்தையின் கட்டைவிரல் போல ரோஸ் நிறத்தில்.

சேதி கேட்டு மில்காரர் குப்புராஜ் முதலில் வந்தார். கொல்லையைச் சுற்றி நடந்து அங்கங்கே பிடுங்கிப் பார்த்தார். எல்லாம் காய்த்திருந்தது. நடுவில் நின்ற வேப்பமரத்துக்குப் பின்னால் மட்டும் நீளமாக ஒரு பட்டை அளவுக்குப் பொக்கு, மரத்தின் நிழல் விழுந்தது போல. ஆனால் சூரியனால் விழுகிற திசையில் அந்த நிழல் விழவில்லை. குப்புராஜ் பொக்குப் பட்டையின் இரண்டு ஓரத்தையும் கண்ணால் கோடு போட்டு, அந்தக் கோடுகள் எங்கே போய்ச் சேருகின்றன என்று பார்த்துக்கொண்டே நடந்து, வரப்பில் நின்றுகொண்டிருந்த பூங்காவனத்தின் மேல் மோதிக்கொண்டார்.

அவருக்குக் கணக்கு புரிந்துவிட்டது. அவளை அழைத்துக்கொண்டு போய் ஜெயவேலின் கொல்லையில் நிறுத்தி, ஜெயவேலின் பெண்ணுக்கு வேலூரில் நர்ஸ் வேலை கிடைத்ததையும், அவள் தினமும் அம்மாவுக்குப் போன் போட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்பதையும் எடுத்துச் சொன்னார். பூங்காவனத்தின் இரண்டு பிள்ளைகளும் திருப்பூரில் இருந்தார்கள், போன் செய்ததில்லை. மறுநாள் ஜெயவேலின் கொல்லையும் காய்த்தது.

ஊர் இதை ஏற்றுக்கொள்ள அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கண் பட்டால் மாட்டுக்குப் பால் வற்றும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் என்று நம்பியிருந்த ஊருக்கு, காலமே தலைகீழாகப் போன பிறகு கண்ணும் தலைகீழாகப் போனதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. மற்றவர்களும் தங்கள் தங்கள் பொறாமையை முயன்று பார்த்தார்கள். பங்காளி கொல்லையை முறைத்தார்கள், சம்பந்தி கொல்லையை முறைத்தார்கள். ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. அவர்கள் பொறாமை அரைகுறை, பேச்சுவாக்கில் வந்து பேச்சுவாக்கில் போவது. ஆகவே கோயில் முன்னால் கூடிப் பேசினார்கள். இனிமேல் பூங்காவனத்திடம் யாரும் எதையும் மறைக்கக் கூடாது, இருப்பதை எல்லாம் எடுத்துக் காட்ட வேண்டும் என்று முடிவானது.

அதன் பிறகு கல்லேரிப்பாடிக் கொல்லைகள் கல்யாண வீடு போல ஆயின. வரப்பில் பூங்காவனத்துக்கு நாற்காலி போட்டு, பந்தல்காரரிடமிருந்து பெரிய குடை வாங்கிப் பிடித்தார்கள். பெண்கள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு செடிகளுக்கு நடுவே நடந்தார்கள். மஸ்கட்டிலிருந்து வந்தவன் தன் ஃப்ரிட்ஜை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து மல்லாட்டைக் கொல்லையில் இறக்கித் திறந்து திறந்து மூடினான். பேரன் பேத்தி எடுத்தவர்கள் பேரன் பேத்திகளைக் குளிப்பாட்டிக் கூட்டி வந்து தங்கள் மடியில் ஏறச் சொன்னார்கள். பெண்டாட்டியை வாடி போடி என்று மட்டுமே கூப்பிடத் தெரிந்தவர்கள் பூங்காவனம் பார்க்கிற நேரத்தில் "இப்படி நெழலுல உக்காரும்மா" என்றார்கள், அந்தப் பெண்கள் திகைத்துப்போய் நின்றார்கள். பூங்காவனம் பார்த்தாள், எரிந்தாள், எழுந்து அடுத்த கொல்லைக்குப் போனாள். அவள் போன வழியெல்லாம் மண்ணுக்கடியில் காய் நிறைகிற சத்தம் மழை தூறுவது போலக் கேட்டது.

மில் ஓட ஆரம்பித்தது. புண்ணாக்கு வாசனையும் எண்ணெய் வாசனையும் பழையபடி காற்றில் ஏறின. பலராமன் சட்டியை இறக்கி வாழைக்காய் பஜ்ஜி போட்டான், முதலில் பொரித்ததைப் பூங்காவனத்துக்குக் கொடுத்தனுப்பினான். அறுவடை செய்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவளுக்கு ஒரு தூக்கு எண்ணெய் வந்தது. ஊறுகாய் ஜாடி, குடம், அண்டா எல்லாம் எண்ணெய். அவளுடைய சொந்தக் கொல்லை மட்டும் பொக்காகவே கிடந்தது. தன்னிடம் இருப்பதைப் பார்த்து அவளுக்கு எப்படிப் பொறாமை வரும்? தினமும் வடை சுட்டுத் தனியாக உட்கார்ந்து தின்றாள். தசரதன் தின்றுவிட்டுக் கை கழுவிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவான்.

ஆனால் கிட்டத்தில் பார்க்கப் பார்க்க விஷயம் வேறாக இருந்தது. இந்தக் கொல்லையில் பார்த்த அதே மாம்பழக் கலர் பட்டு அடுத்த கொல்லையிலும் வந்தது; ஊருக்கே நாலைந்து நல்ல புடவைதான் இருந்திருக்கிறது. மஸ்கட்காரனின் ஃப்ரிட்ஜுக்குள் பழைய செருப்பு வைத்திருந்தார்கள். "இப்படி உக்காரும்மா" என்று மத்தியானம் சொன்னவனின் பெண்டாட்டி சாயங்காலம் வீங்கிய உதட்டோடு தண்ணீருக்கு வந்தாள். இத்தனை வருஷம் இவர்களைப் பார்த்தா வெந்துகொண்டிருந்தோம் என்று பூங்காவனத்துக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு ஒவ்வொருவரையும் பார்த்து அய்யோ பாவம் என்று தோன்றியது. அய்யோ பாவம் என்று அவள் பார்த்த கொல்லைகளில் காய்க்கு ஒரே ஒரு பருப்பு, அதுவும் சூம்பிப்போய்.

ஊருக்குப் பொறுக்கவில்லை. அவள் வேண்டுமென்றே செய்கிறாள் என்றார்கள், எண்ணெய் குடித்துக் குடித்து மனசு நிறைந்துவிட்டது என்றார்கள். குப்புராஜ்தான் யோசித்து ஒரு வழி சொன்னார். காட்டிக் காட்டி வந்த பொறாமை தீர்ந்துவிட்டது, இனிமேல் கூப்பிடாமல் விட்டுத்தான் வரவழைக்க வேண்டும் என்றார். சொல்லும்போது அவருக்கே கஷ்டமாக இருந்தது. கேட்டவர்களுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஊர் நன்மைக்கு என்று ஒத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து பூங்காவனத்தோடு யாரும் பேசவில்லை. அவள் வீட்டைத் தாண்டி எதிர்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் மஞ்சள் நீராட்டுப் பத்திரிகை வைத்தார்கள். குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நின்று, அவள் நகர்ந்ததும் சிரிப்பு எழுந்தது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினபோது கொல்லையிலேயே அடுப்பு மூட்டி, அவள் பார்க்கிற தூரத்தில் ஊரே வரிசையாக உட்கார்ந்து குடித்தது. அவளுக்கு மட்டும் சொம்பு போகவில்லை. குடித்தவர்கள் சிலர் குனிந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், ஆனாலும் குடித்தார்கள். அந்த வாரம் ஊர் முழுக்கக் காய் பிடித்த பிடியில் செடிகளைப் பிடுங்க ஆள் போதவில்லை. சம்பூரணம் ஒருத்திதான் இதற்கு ஒத்துக்கொள்ளாமல் வரப்பு வரைக்கும் சொம்போடு வந்தாள். விநாயகம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

மாசிப் பட்டத்துச் செடி பூத்து, விழுது இறங்குகிற நேரத்தில் குப்புராஜ் தசரதனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். உன் தம்பி கொல்லைப் பக்கம் போய் அவனோடு ஒரு மத்தியானம் சாப்பிடு, சாப்பிடும்போது கொஞ்சம் சிரி, அவள் பார்க்கட்டும், அது ஒன்று போதும், இந்த வருஷத்து எண்ணெய்க்கு ஊர் கவலைப்பட வேண்டாம் என்றார். தசரதன் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பூங்காவனத்தை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு எல்லாரும் தள்ளிப் போனார்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் விநாயகமும் சம்பூரணமும் உட்கார்ந்திருந்தார்கள். தசரதன் நடந்து போய் அவர்களோடு உட்கார்ந்தான். சம்பூரணம் தலை நிமிராமல் சோறு போட்டாள். விநாயகம் என்னவோ பேசினான். தசரதன் வாயைத் திறந்து ஹா ஹா என்றான், பல் டாக்டரிடம் காட்டுகிறவன் மாதிரி. பூங்காவனத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அது வேஷம் என்று அவளுக்குத் தெரியாதா? ஊரில் யார் சிரிப்பு எந்த அளவுக்கு நிஜம் என்று அவளை விட நன்றாக அறிந்தவர்கள் கிடையாது. விநாயகம் இன்னொரு தடவை குனிந்து எதையோ சொன்னான். தசரதன் திரும்பி ஒரு வார்த்தை பதில் சொன்னான். சொல்லிவிட்டு, யாரும் எதிர்பார்க்காமல், அவனும் எதிர்பார்க்காமல், சிரித்தான். தோள் குலுங்கியது. கையில் எடுத்த சோறு சிதறியது. விநாயகம் தரையில் அடித்துக்கொண்டு சிரிக்க, அழுகிற முகத்தோடு இருந்த சம்பூரணமும் சிரிக்க, மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள்.

பிறந்ததிலிருந்து பட்ட பொறாமையெல்லாம் ஒன்று சேர்ந்து வந்தாலும் அதற்கு ஈடாகாது. அந்த மனுஷனுக்குள் இத்தனை வருஷமாக ஒரு சிரிப்பு இருந்திருக்கிறது. அது தனக்கு வராமல், வரப்பைத் தாண்டிப் போய், சம்பூரணத்தின் முன்னால் விழுந்திருக்கிறது. அவள் பார்த்த பக்கமெல்லாம் தரை ஏறி இறங்கியது. காய்கள் மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே தெரிந்தன. தள்ளி நின்றிருந்தவர்கள் துண்டை வீசிக்கொண்டு கொல்லைக்குள் ஓடினார்கள்.

பூங்காவனம் நாற்காலியை விட்டு எழுந்தாள். இதுவரைக்கும் கண்ணால் மட்டுமே போயிருந்த இடத்துக்குக் காலால் போனாள். செடிகளை மிதித்துக்கொண்டு, வெடித்த மண்ணில் தடுக்கிக்கொண்டு போய், வேப்பமரத்தடியில், மூன்று பேருக்கும் நடுவே உட்கார்ந்தாள். சிரிப்பு நின்றது. சம்பூரணம் நகர்ந்து இடம் விட்டு, தட்டு எடுத்து, சோறு போட்டு, அவள் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"இன்னா சிரிப்பு?" என்று பூங்காவனம் புருஷனைக் கேட்டாள்.

தசரதன் தட்டைப் பார்த்தான். விநாயகம் தான் சொல்வதாக வாயெடுத்தான். அவள் அவனைக் கையமர்த்தினாள்.

"அவரு சொல்லட்டும்."

தசரதன் வெற்றிலைக் காவி ஏறிய உதட்டைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். நேற்று குப்புராஜ் வந்தாராம். உனக்குச் சிரிக்கத் தெரியாதே, இப்படிச் சிரிக்கணும் என்று தலையைத் தூக்கிச் சிரித்துக் காட்டினாராம். பல்செட்டு கழன்று புண்ணாக்குத் தொட்டியில் விழுந்துவிட்டதாம். எடுப்பதற்குள் மாடு அதை வாயில் போட்டுக்கொண்டு, மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றதாம். விநாயகம் இப்போது அந்தப் பல்செட்டுக் கதையை எடுக்கவும், 'எனக்கு முன்னாலியே என் மாடு சிரிச்சிடுச்சி' என்று இவன் சொன்னானாம்.

சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் பேசும்போது மேல்வரிசையில் ஒரு பல் பாதி உடைந்திருப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எப்போது உடைந்ததென்று அவளுக்குத் தெரியாது.

"இன்னொரு வாட்டி சொல்லு," என்றாள்.

அவன் மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். மாடு வருகிற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அந்தப் பட்டத்து மல்லாட்டையில் குப்புராஜின் மில் ராத்திரி பகலாக ஓடியது. அதற்கப்புறம் வந்த பட்டத்தில் எல்லாக் கொல்லையும் பொக்கு. வெயில் அதே வெயில், மழை அதே கோளாறு. ஊர் மறுபடியும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தது, பேசாமலும் இருந்து பார்த்தது. குப்புராஜ் அவள் வாசலில் வந்து நின்று, கொஞ்சமாவது பொறாமைப்படக் கூடாதா தாயி, எண்ணெய் விலை எங்கே போய் நிற்கிறது பார் என்று கெஞ்சினார். பூங்காவனத்துக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவரோடு போய்க் கொல்லை கொல்லையாக நின்று, வெயில் சாயும் வரைக்கும் மனசாரப் பொறாமைப்பட முயன்றாள். வரவில்லை. திட்டினார்கள், வாங்கிக்கொண்டாள். அண்டாவில் மிஞ்சியிருந்த எண்ணெயை வீட்டுக்கு வீடு ஊற்றிக் கொடுத்தாள், அது தீர்ந்தது. கடைசியில் ஜெயவேல் முதலில் கம்பு விதைத்தான், பிறகு ஒவ்வொருவராக விதைத்தார்கள். பலராமன் சுண்டலுக்குத் திரும்பினான். எண்ணெய்க்குக் கடை வாசலில் நின்றார்கள், நின்ற இடத்தில் அவளை இன்னமும் கொஞ்சம் முறைத்தார்கள்.

விநாயகம் மட்டும் பிடிவாதமாகக் கொஞ்சம் மல்லாட்டை போட்டிருந்தான். மார்கழியில் ஒரு நாள் காலையில் சம்பூரணம் மூடி போட்ட ஒரு பாத்திரத்தோடு வரப்பைத் தாண்டி வந்தாள். உள்ளே உப்புப் போட்டு அவித்த மல்லாட்டை, ஆவி பறந்தது. இரண்டு பேரும் வாசப்படியில் உட்கார்ந்தார்கள். பூங்காவனம் ஒரு காயை எடுத்து நசுக்கினாள். உள்ளே மூன்று பருப்பு.

"நேத்து எங்க ரெண்டு பேரயும் பாத்தியாக்கா?" என்று சம்பூரணம் கேட்டாள்.

பூங்காவனம் பருப்பை வாயில் போட்டு மென்றாள். மறைக்க ஒன்றும் இல்லை.

"பாத்தேன். உன் கால்ல முள்ளு எடுத்துக்கினு இருந்தான்."

"எவ்ளோ எரிஞ்சிது?"

"ஒரு ஏர்சாலு அளவுக்கு."

"ஆமா," என்றாள் சம்பூரணம். "வரப்பு ஓரத்துல ஒரே ஒரு சாலுதான் காச்சிருக்குது."

பாத்திரத்தை இருவருக்கும் நடுவே நகர்த்தி வைத்தாள். வீட்டுப் பின்கட்டில் தசரதன் மாட்டிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. பூங்காவனம் கையில் எடுத்த காயோடு அப்படியே நிறுத்தி, அது என்னவென்று காது கொடுத்தாள். பிறகு உள்பக்கமாகத் திரும்பி, "அத இங்க வந்து சொல்லு" என்று கூப்பிட்டாள்.